அப்பா ஓட்டின மாதிரி

தம்புச் செட்டித் தெருவில் என் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஒரு மாலை, குறுகலான அந்தப் படிகளில் ஒரு கோணிப்பையைத் தோளில் சுமந்தபடி மேஸ்திரி ஏறிவந்தார். கேஸ் கட்டுகளுக்கு நடுவில் அதை இறக்கியதும் தரை அதிர்ந்தது. என் ஜூனியர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க தம்பி, டைனமோதான்” என்றார் மேஸ்திரி.

கோணியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், முன்சக்கர பிரேக் டிரம் இரண்டு, ரேடியேட்டர் ஃபேன் பிளேடு. எல்லாவற்றிலும் கம்பி கோத்து ஓர் அட்டைத் துண்டு தொங்கியது. அதில் பென்சிலால் ‘டாக்டர் வண்டி’ என்று எழுதியிருந்தது. வழக்குப் போட்டவரின் பொருளை இவ்வளவு பத்திரமாகச் சீட்டுக் கட்டி வைத்திருந்த எதிர்தரப்பை நான் அதுவரை கண்டதில்லை. இந்த வழக்கில் தோற்க வழியே இல்லை என்று அப்போதே மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

“இன்ஜின்?” என்று கேட்டேன்.

“அது பெருசு சார். ஷெட்ல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன்.”

வந்திருந்த வக்கீல் நோட்டீஸ் ஒரு கண் டாக்டருடையது. அவருடைய தந்தை வைத்திருந்த 1958-ம் வருட எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரை, செப்பனிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு மீட்க முடியாதபடி மேஸ்திரி சிதைத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. எனக்கு வண்டி என்றால் அம்பாசிடர், அதை விட்டால் பஜாஜ் சேத்தக். எம்.ஜி.ஏ. எப்படியிருக்கும் என்றே தெரியாது. மறுநாளே அம்பத்தூர்ப் பக்கம் மேஸ்திரியின் ஷெட்டுக்குப் போனேன்.

தரையோடு தரையாக ஒரு சிவப்பு வண்டி. கூரை கிடையாது. கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை. உள்ளே கைவிட்டு ஒரு கயிற்றை இழுத்துத்தான் திறக்க வேண்டும். இருக்கைகளுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு. இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1955-லிருந்து 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமாகச் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இந்தியாவுக்கு வந்தவை சொற்பம். டாக்டரின் தந்தை, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார கம்பெனி அதிகாரியிடமிருந்து வாங்கியது. சோழவரம் ரேஸ் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தையே அதில் திணித்துக்கொண்டு போவாராம். இரண்டு பேர் உட்காரும் வண்டியில் ஒரு குடும்பம் எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. அவர் போனபின் வண்டி இருபது வருடத்துக்கு மேல் கார் ஷெட்டிலேயே கிடந்தது.

மூலையில் தார்ப்பாய் மூடிய ஒரு குவியல் இருந்தது. பார்த்தேன். தூக்கிப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

2019-ல் டாக்டர் வண்டியை ஒப்படைத்தபோது ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. இருந்தது ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி, பதினொரு நொடி. பின்னணியில் அவருடைய கிளினிக் மின்விசிறி சத்தம். “மேஸ்திரி, வண்டிய அப்பா ஓட்டின மாதிரி ஓட்டுற மாதிரி பண்ணிக் குடுங்க. செலவப் பத்திக் கவலப்படாதீங்க.”

இரண்டு ‘மாதிரி’. வழக்கு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது. அப்பா ஓட்டின மாதிரி என்றால் 1958-ல் தொழிற்சாலையை விட்டு வந்தபடி, ஒரு ஆணி மாறாமல். இது டாக்டர் தரப்பு. ஓட்டுற மாதிரி என்றால் இன்றைய சென்னையில் சாவி போட்டதும் கிளம்பி, சிக்னலில் கொதிக்காமல், மிதித்தால் நிற்கிற வண்டி. இது எங்கள் தரப்பு. அந்தச் செய்தியை அப்போதைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழோடு தாக்கல் செய்தது டாக்டர்தான். நானும் அதையேதான் தாக்கல் செய்வதாக இருந்தேன்.

மேஸ்திரி செய்த வேலைகளைச் சொல்கிறேன். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டார். டைனமோ உள்ள வண்டி நெரிசலில் நின்றால் சார்ஜ் ஏறாது, ராத்திரியில் முன்விளக்கு மங்கும். பாயின்ட் இக்னிஷனுக்குப் பதில் எலக்ட்ரானிக். ரேடியேட்டருக்கு முன்னால் மின்விசிறி. முன்சக்கரத்தில் டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக். இந்தக் கடைசி மாற்றத்தைக் கம்பெனியே 1959-ல் எம்.ஜி.ஏ. 1600-ல் செய்திருக்கிறது. ஒரு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் இதே வண்டி டிஸ்க்கோடு வந்திருக்கும்.

பழைய வண்டிக்காரர்களில் ஒரு சாதி உண்டு. அவர்களுக்கு ஒயரின் மேலுறை துணியா பிளாஸ்டிக்கா என்பதுகூடப் பிரச்சினை. அவர்களை நான் கேலி செய்யவில்லை. ஒரு பொருள் செய்யப்பட்ட காலத்தில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள மாறாத ஒன்றிரண்டாவது எங்காவது இருக்க வேண்டும். ஆனால் மே மாதம் கத்திப்பாராவில் கொதித்து நின்ற வண்டியை ஒருமுறை தள்ளியவர்கள் அந்த மின்விசிறியைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். தவிர, இவை எல்லாமே ஒரு நாள் வேலையில் பழையபடி மாற்றக்கூடியவை. பழைய பாகங்கள்தான் கோணியில் இருந்தனவே.

மிச்சம் இன்ஜின்.

“ஆயில் ஸ்டிக்க உருவிப் பார்த்தேன் சார். காப்பி மாதிரி இருந்துச்சு” என்றார் மேஸ்திரி. தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் சுவரில் விரிசல். அவர் அந்த இன்ஜினை இறக்கிவிட்டு ஓர் அம்பாசிடர் இன்ஜினை ஏற்றினார். கேட்பதற்குக் குதிரை லாயத்தில் கழுதையைக் கட்டியது போலத் தோன்றும். அப்படியல்ல. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி சீரிஸ்’ என்ற ஒரே குடும்பத்து இன்ஜின்கள் இவை. இரண்டும் 1489 சி.சி. அபிங்டனில் ஓடியதன் தம்பிதான் உத்தரபாராவில் செய்த அம்பாசிடரிலும் ஓடியது. அண்ணனுக்கு இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், கூடுதல் வேகம். தம்பி டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவன். மேஸ்திரி பழைய இன்ஜினின் ஹெட்டையும் இரட்டைக் கார்புரேட்டரையும் புதியதில் பொருத்தி, எம்.ஜி.ஏ. இன்ஜின்களுக்கே உரிய அந்த அடர்சிவப்புப் பெயின்டையும் அடித்துவிட்டார். பானெட்டைத் திறந்து பார்த்த டாக்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எட்டு மாதம் வண்டியை ஓட்டினார், ஞாயிற்றுக்கிழமைகளில் மகாபலிபுரம் வரை. ஒரு குறையும் சொல்லவில்லை. அறுபதாயிரம் ரூபாய் மட்டும் பாக்கி வைத்திருந்தார்.

குறை வந்தது 2021 ஜூலைக்குப் பிறகு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் செய்து, ஐம்பது வயது தாண்டிய வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனிப் பதிவெண் கொடுக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. நிபந்தனை ஒன்று உண்டு. வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. டாக்டர் ஆசைப்பட்டு, விவரம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிவந்து பார்க்கச் சொன்னார். நண்பர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பிளாக்கில் இன்ஜின் எண் தகடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைக் காட்டினார்.

அந்தச் சமயத்தில் வண்டி கிளட்ச் வேலைக்காக மறுபடியும் மேஸ்திரி ஷெட்டில் நின்றது. நோட்டீஸைப் பார்த்த கோபத்தில் பாக்கி வந்தால்தான் வண்டி என்று சொல்லிவிட்டார். யாரோ அவருக்கு ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் எந்த வேலைக்காகப் பொருள் இப்போது கையில் இருக்கிறதோ அந்த வேலையின் கூலிக்கு மட்டும். போன வருடப் பாக்கிக்கு இந்த வருடம் பிடித்துவைக்க முடியாது. கிளட்ச் கூலியை வாங்கிக்கொண்டு வண்டியை அன்றைக்கே அனுப்பச் சொன்னேன். முறைத்தார், அனுப்பினார்.

புகார் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு வந்தது. டாக்டருடைய வக்கீல் கெட்டிக்காரர். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் சொன்னதையும் எடுத்து வைத்தார். அந்தப் பிரிவு தடை போடுவது வண்டியின் உரிமையாளருக்கு, மெக்கானிக்குக்கு அல்ல என்று நான் பதிலுரையில் எழுதினேன். அதை ரொம்பவும் அழுத்தவில்லை. அழுத்தினால் அடி டாக்டர் மேல் விழும், சமரசத்துக்குக் கதவு அடைபடும்.

எனக்குப் பிடித்த ஆயுதம் வேறு. 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் தீர்த்த வழக்கு. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தார்கள். பிறகு, இது அந்தக் காரே இல்லை என்று வாங்க வந்தவர் பின்வாங்கினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பந்தயங்களுக்காக அதன் உறுப்புகளை மாற்றிக்கொண்டே வந்திருந்தார்கள். 1932-ல் புரூக்லாண்ட்ஸில் எட்டு லிட்டர் இன்ஜினோடு ஓடி, ஓட்டியவர் இறந்துபோன விபத்தில் சிக்கி, பிறகு வேறு பாடியோடு எழுந்தது. 1929-ல் ஜெயித்த காரின் பாகங்களில் மிச்சம் இருந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் நீதிபதி விற்றவர் பக்கமே தீர்த்தார். அந்த வண்டியின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அதனால் அது அதே வண்டிதான் என்பது அவர் கண்ட முடிவு.

வண்டியைப் பரிசோதித்து அறிக்கை தர, ஓய்வுபெற்ற ஆட்டோமொபைல் பேராசிரியர் ஒருவரை ஆணையம் நியமித்தது. பழைய இன்ஜினைப் பார்க்க அவர் ஷெட்டுக்கு வருவதற்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு மேஸ்திரி தனியாக என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு தகடு. ஓரங்களில் ரிவெட் துளை. ஆயில் கறைக்கு நடுவில் எண். பதிவுப் புத்தகத்தில் இருந்த அதே எண்.

“தார்ப்பாய்க்கு அடியில என்ன இருக்கு மேஸ்திரி?”

“ஃபியட் கியர்பாக்ஸ் சார்.”

விரிசல் விட்ட பிளாக்கை லாக்டவுன் சமயத்தில் எடைக்குப் போட்டுவிட்டார். வேலை இல்லை, பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், செத்த இரும்புதானே என்று நினைத்துவிட்டார். புதுப்பேட்டை வியாபாரி ஒருவரின் டெம்போ வந்து ஏற்றிப்போனது. ஏற்றுவதற்கு முன் என்ன தோன்றியதோ, உளி வைத்து அந்தத் தகட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

“இன்னிக்கு ராத்திரியே ஒரு அம்பாசிடர் பிளாக்ல இத ரிவெட் அடிச்சு, சிவப்புப் பெயின்ட் பண்ணி வெச்சுடறேன். புரொபசருக்குத் தெரியாது. இதான் உங்க பழைய இன்ஜின்னு குடுத்துடலாம். டாக்டரும் சந்தோசமா போயிடுவாரு. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க?”

தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஐம்பது கிராம்கூட இருக்காது. அவர் சொன்னபடி செய்திருந்தால் அநேகமாக யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். முழு வழக்கும் அங்கேயே முடிந்திருக்கும். ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜன்னலுக்கு வெளியே டீக்கடை மூடிக்கொண்டிருந்தது.

“ஆணையத்துல பொய் சாட்சியம் ஜோடிச்சா கோர்ட்டுல ஜோடிச்ச மாதிரிதான். தண்டனைச் சட்டம் 193. ஏழு வருஷம் வரைக்கும் போகும். நான் இப்பவே வக்காலத்தை வாபஸ் வாங்கிடுவேன்” என்றேன்.

“அப்ப தோத்துடுவோமே சார்.”

“தோப்போம். எவ்வளவுக்குத் தோக்கறோம்ங்கறதுதான் இனிமே என் வேலை.”

காலையில் பேராசிரியர் வந்ததும் நானே தார்ப்பாயைத் தூக்கினேன். நடந்ததை மேஸ்திரி தன் வாயால் சொன்னார். கூடுதல் பிரமாண வாக்குமூலம் ஒன்றும், அதோடு சான்றாவணமாக அந்தத் தகடும் ஆணையத்தில் தாக்கலாயின. டாக்டரின் வக்கீல் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு குழப்பம் இருந்தது. வெல்லக்கூடிய வழக்கில் நானே பள்ளம் தோண்டுவதாக நினைத்திருக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் எல்லாம் காகிதத்திலேயே முடியும். இதில் மேஸ்திரியிடம் நேரில் சில கேள்வி கேட்க அனுமதி கொடுத்தார்கள். டாக்டரின் வக்கீல் எழுந்தார்.

“அந்த விரிசலுக்கு ஸ்லீவ் அடிச்சா சரியாகுமா, ஆகாதா?”

நான் மேஸ்திரியைப் பார்க்கவில்லை. ‘ஆகாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்குப் பாதி உயிர் வந்திருக்கும்.

“ஆகும் சார். செலவு ஜாஸ்தி, ரெண்டு மாசம் புடிக்கும். டாக்டர் சாரு அவங்கப்பா திதிக்குள்ள வண்டி வேணும்னாரு.”

“அதை அவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேக்கல. ஓட்டுற மாதிரி பண்ணுன்னாரு, பண்ணிட்டேன்.”

என் முறை வந்தது. லண்டன் வழக்கைச் சொன்னேன். தலைவர் அம்மா குறித்துக்கொண்டார், முகத்தில் அசைவில்லை. லண்டனை விட்டுவிட்டுத் திருவாரூருக்கு வந்தேன். ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்திருக்கிறது. வீதியில் ஓட வேண்டும், திருப்பத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று யாராவது சொன்னதுண்டா என்று கேட்டேன். ஹாலில் ஒன்றிரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்கே அந்த வாதம் பிடித்திருந்தது.

தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “தேரோட பழைய அச்சை எடைக்குப் போட்டாங்களா வக்கீல் சார்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

உத்தரவு 2023 மார்ச்சில் வந்தது. ஆல்டர்னேட்டர், இக்னிஷன், மின்விசிறி, டிஸ்க் பிரேக் ஆகியவை ‘ஓட்டுற மாதிரி’ என்ற சொல்லுக்குள் அடங்கும். கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால் இவற்றில் சேவைக் குறைபாடு இல்லை. பழுதான இன்ஜினுக்குப் பதில் வேறு இன்ஜின் வைப்பதுகூட, கேட்டுவிட்டுச் செய்திருந்தால் தவறாகியிராது. கேட்காமல் மாற்றியதும், மாற்றியதைச் சொல்லாமல் மறைத்ததும், உரிமையாளருக்குச் சொந்தமான பிளாக்கை விற்றதும் குறைபாடு. இழப்பீடு இரண்டு லட்சம். டாக்டர் தரவேண்டிய அறுபதாயிரத்தை அதில் கழித்துக்கொள்ளலாம். செலவுத் தொகை பத்தாயிரம். இன்ஜின் மாற்றத்துக்குப் போக்குவரத்து அதிகாரியின் ஒப்புதல் பெறுவது உரிமையாளரின் பொறுப்பு. மேஸ்திரியின் கையில் இருக்கும் எல்லாப் பாகங்களையும் பட்டியலிட்டு டாக்டரிடம் ஒப்படைக்க வேண்டும். உண்மையை எதிர்தரப்பே முன்வந்து சொன்னதை இழப்பீட்டை நிர்ணயிக்கும்போது கருத்தில் கொண்டதாக ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் மேஸ்திரிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் இருந்தது. பாதித் தொகையைக் கட்ட வேண்டும். மேஸ்திரி வேண்டாம் என்றுவிட்டார். டாக்டரும் போகவில்லை. ‘வி.ஏ.’ எண்ணுக்கு வழியில்லை என்று ஆனபின் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. அந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். எண் கிடைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போயிருக்க முடியாது.

பாகங்களை ஒப்படைத்தது என் அலுவலகத்தில்தான். கோணிப்பை மறுபடியும் படியேறி வந்தது. ஜூனியர் பட்டியலைப் படிக்கப் படிக்க டாக்டர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து டிக் அடித்தார். டைனமோவை எடுத்தபோது உத்தரவு நகலின்மேல் ஒரு சொட்டு ஆயில் விழுந்தது. ஆணையத்திலிருந்து திரும்பப் பெற்ற தகட்டைக் கடைசியாகக் கொடுத்தேன். அவர் அதைக் கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் படித்தார்.

“இதுக்கு ஏத்த பிளாக் எங்கயாவது கெடைக்குமா மேஸ்திரி?”

“கல்கத்தால விசாரிச்சுட்டு இருக்கேன் டாக்டர் சார். இந்தத் தடவ கேட்டுட்டுதான் வாங்குவேன்.”

பட்டியலின் நகல் இன்னும் என் கேஸ் கட்டில் இருக்கிறது. கடைசி வரி: ‘14. இன்ஜின் எண் தகடு, ஒன்று. பெற்றுக்கொண்டேன்.’ கீழே டாக்டரின் கையெழுத்து, அதற்குக் கீழே மேஸ்திரியின் பெருவிரல் ஆயில் ரேகை.